ஒரே கணம், இரண்டு இடவியல்கள்: எவை பொது, எவை தனி?

பெங்களூரில் எம்.எஸ்சி. கணிதம் முடித்து நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தமிழ் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே கணத்தின் மீது இரண்டு வெவ்வேறு இடவியல்கள் இருந்தால் அவற்றுக்குப் பொதுவாக என்னென்ன பண்புகள் இருந்தே தீரும்? ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கியிருந்தால் நிலைமை மாறுமா? ஒரே தொடர்முறைகள் ஒரே எல்லைக்கு ஒருங்கினால் இரண்டும் ஒரே இடவியல்தான் என்கிறார் என் அறைத்தோழர். அது சரியா?"

தம்பி, அறைத்தோழர் சொல்வது சரியில்லை. ஆனால் மெட்ரிக் வெளிகளிலேயே (இரு புள்ளிகளுக்கிடையே தொலைவு வரையறுக்கப்பட்ட வெளிகளிலேயே) பழகியவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இடவியல் என்பது கணத்தின் எந்த உட்கணங்கள் "திறந்தவை" என்று குறிக்கும் தேர்வு: வெற்றும் முழுதும் அதில் உண்டு, எத்தனை திறந்தவற்றின் சேர்ப்பும் இரண்டின் வெட்டும் திறந்தவை. திறந்ததன் நிரப்பி "மூடியது". "இருந்தே தீரும்" என்று கேட்டால் விடை மிகக் குறுகியது. வெற்றுக்கணமும் முழுக்கணமும் மட்டுமே திறந்தவை என்பது ஒரு கோடி. எல்லா உட்கணங்களும் திறந்தவை என்பது மறு கோடி. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால், கணத்தில் எத்தனை உறுப்புகள் என்பதைப் பொறுத்த செய்திகள் மட்டுமே பொதுவாக மிஞ்சும். கணம் முடிவுறு கணமானால் எந்த இடவியலிலும் அது காம்பாக்ட் (திறந்த கணங்களால் எப்படிப் போர்த்தினாலும் அவற்றில் முடிவுறு எண்ணிக்கையே போதும்). எண்ணத்தக்க கணமானால் எந்த இடவியலிலும் அது லிண்டலோஃப் (எண்ணத்தக்க எண்ணிக்கை போதும்). எண்ணத்தக்க அடர்ந்த கணமும் (வெறுமையல்லாத எல்லாத் திறந்த கணங்களையும் தொடும் கணம்) அதில் இருக்கும், ஏனென்றால் முழுக்கணமே அப்படிப்பட்டதுதான். இதைத் தாண்டி இலவசமாக எதுவும் கிடைக்காது. மூன்று உறுப்புகள் கொண்ட கணத்திலேயே 29 இடவியல்கள் உண்டு. ஹோமியோமார்பிசத்தால் (திறந்த கணங்களை இரு திசையிலும் திறந்த கணங்களாகவே கொண்டுபோகும் ஒன்றுக்கொன்றான பொருத்தத்தால்) ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்துக் கட்டினால் 9 வகைகள். நான்கு உறுப்புகளுக்கு இந்த எண்கள் 355, 33. இத்தனையில் ஹவுஸ்டார்ஃப் (எந்த இரு புள்ளிகளையும் வெட்டிக்கொள்ளாத திறந்த கணங்களால் பிரிக்க முடிவது) ஆக இருப்பது இந்த ஒவ்வொரு கணத்திலும் ஒன்றே ஒன்று: எல்லா உட்கணங்களும் திறந்திருக்கும் அந்த மறுகோடி.

ஆகவே கேள்வியை உங்கள் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குவதே பயன் தரும். சிறிய இடவியல் ஒன்று, அதைத் தன்னுள் கொண்ட பெரிய இடவியல் ஒன்று. எந்தப் பண்பு எந்தத் திசையில் நகரும்?

திறந்த கணங்கள் "போதுமான அளவு இருக்கின்றன" என்று சொல்லும் பண்புகள் சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும். ஹவுஸ்டார்ஃப் என்றால் இரு புள்ளிகளைப் பிரிக்க இரண்டு திறந்த கணங்கள் வேண்டும். கூடுதல் கணங்கள் வந்தால் பழையவை எங்கும் போய்விடாது. திறந்த கணங்கள் "அளவுக்கு மேல் இல்லை" என்று சொல்லும் பண்புகள் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும். காம்பாக்ட், லிண்டலோஃப், இணைப்புள்ள தன்மை (இரண்டு திறந்த துண்டுகளாக உடையாமை), எண்ணத்தக்க அடர்ந்த கணம் உடைமை ஆகிய நான்கும் இந்த வகை. பெரிய இடவியலில் எப்படிப் போர்த்தினாலும் முடிவுறு எண்ணிக்கையில் கணங்கள் போதும் என்றால், சிறியதில் போர்த்துவதும் அதே கணங்களைக் கொண்டுதானே!

மாணவர்கள் தடுமாறுவது இங்கே அல்ல. எந்தத் திசையிலும் நகராத பண்புகள் நிறைய உண்டு. சீரான வெளி (ரெகுலர்: மூடிய கணத்தையும் அதற்கு வெளியே உள்ள புள்ளியையும் வெட்டிக்கொள்ளாத திறந்த கணங்களால் பிரிக்கலாம்), நார்மல் (வெட்டிக்கொள்ளாத இரு மூடிய கணங்களையும் அப்படியே பிரிக்கலாம்), ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணத்தக்க அண்மை அடிப்படை உடைமை (எண்ணத்தக்க சில அண்மைகளே மற்ற எல்லா அண்மைகளுக்கும் உள்ளே நுழையும்) எல்லாம் அப்படித்தான். எண்ணத்தகாத கணம் ஒன்றை எடுத்து மூன்று இடவியல்களை வரிசையாக வையுங்கள். முதலாவது, வெற்றும் முழுதும் மட்டும் திறந்தது. இரண்டாவது, நிரப்பி முடிவுறு கணமாக இருப்பவை திறந்தது. மூன்றாவது, எல்லாமே திறந்தது. முதலாவதிலும் மூன்றாவதிலும் மேற்சொன்ன மூன்று பண்புகளும் உண்டு. முதலாவதில் அவை வெறுமனே நிறைவேறுகின்றன என்பது வேறு விஷயம். நடுவில் இருப்பதில் மூன்றும் இல்லை. இரு கோடிகளுக்கும் பொதுவான ஒன்று நடுவிலும் இருக்கும் என்று தேர்வறையில் அவசரமாக நினைத்துவிடாதீர்கள்.

ஏறும் பண்பும் இறங்கும் பண்பும் ஒன்றாகச் சேரும் இடம்தான் இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் இடவியல் காம்பாக்டாகவும் ஹவுஸ்டார்ஃப் ஆகவும் இருந்தால் அதை அசைக்க முடியாது. இரண்டு இடவியல்களில் ஒன்று மற்றொன்றுக்குள் அடங்க, பெரியது காம்பாக்ட், சிறியது ஹவுஸ்டார்ஃப் என்று கொள்ளுங்கள். பெரியதில் மூடிய கணம் அதில் காம்பாக்ட். எனவே சிறியதிலும் காம்பாக்ட். சிறியது ஹவுஸ்டார்ஃப் ஆதலால் அங்கேயும் மூடியது. மூடிய கணங்கள் ஒன்றே என்றால் இடவியலும் ஒன்றே. ஆகவே காம்பாக்ட் ஹவுஸ்டார்ஃப் இடவியலில் புதிதாக ஒரே ஒரு கணத்தைத் திறந்தாலும் காம்பாக்ட் போய்விடும். அதைவிடக் கண்டிப்பாகச் சிறிய இடவியலுக்குப் போனால் ஹவுஸ்டார்ஃப் போய்விடும்.

இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். 0 முதல் 1 வரையிலான மூடிய இடைவெளியில் 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் எண்களின் கணத்தை 'அ' என்போம். வழக்கமான இடவியலில் அ-வின் நிரப்பி திறந்ததல்ல, ஏனென்றால் 0 அதில் இருக்கிறது; 0-ஐ ஒட்டி எவ்வளவு குறுகிய இடைவெளியை எடுத்தாலும் அதில் அ-வின் உறுப்புகள் வந்துவிடுகின்றன. சரி, அதையும் திறந்ததாக அறிவித்துவிடுவோம். இப்போது 1, 1/2, 1/3 என்று ஒவ்வொன்றையும் சுற்றி மற்றவற்றைத் தொடாத ஒரு சிறு இடைவெளி, அவற்றோடு அ-வின் நிரப்பி என்று போர்த்துங்கள். இதில் முடிவுறு எண்ணிக்கையில் பொறுக்கி முழுவதையும் போர்த்தவே முடியாது. காம்பாக்ட் போய்விட்டது. 1/2, 1/3, 1/4 என்ற தொடர்முறை 0-க்கு ஒருங்குவதும் நின்றுவிட்டது. வெளி சீரானதாகவும் இல்லை: அ இப்போது மூடிய கணம், 0 அதற்கு வெளியே, ஆனால் இரண்டையும் வெட்டிக்கொள்ளாத திறந்த கணங்களால் பிரிக்க வழியில்லை.

இவ்வளவு உடைந்த பிறகும் ஒன்று அப்படியே இருக்கிறது. இந்தப் புதிய இடவியலில் தொடர்ச்சியாக உள்ள மெய்மதிப்புச் சார்புகள் எவை? பழையவைதான், ஒன்றுகூடக் கூடவில்லை. திறந்த கணங்களைக் கூட்டினால் தொடர்ச்சியான சார்புகளும் கூட வேண்டும் என்று எதிர்பார்ப்போம். பொதுவாக அப்படித்தான். இங்கே ஏன் கூடவில்லை என்று பாருங்கள்.

புதிய இடவியலில் தொடர்ச்சியான ஒரு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். 0-ஐத் தவிர மற்ற புள்ளிகளில் அண்மைகள் பழையவையே; சந்தேகம் 0-இல் மட்டும். 0-ஐ ஒட்டிய ஒரு சிறு இடைவெளியில், அ-வின் உறுப்புகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், சார்பின் மதிப்பு 0-இல் உள்ள மதிப்பிலிருந்து நாம் குறித்த அளவுக்குள் இருக்கிறது. விட்டுப்போனவை 1/50, 1/51 போன்றவை. ஆனால் 1/50-ஐச் சூழ அ-வைச் சேராத புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன; அவற்றில் எல்லாம் மதிப்பு குறித்த அளவுக்குள். சார்பு 1/50-இல் வழக்கமான பொருளிலேயே தொடர்ச்சியானது. ஆகவே 1/50-இலும் மதிப்பு அந்த அளவைத் தாண்ட முடியாது. முடிந்தது. 0-இலும் சார்பு வழக்கமான பொருளில் தொடர்ச்சியானதே.

இதன் விளைவு பெரிது. மெய்மதிப்புச் சார்புகளைக் கொண்டு சொல்லக்கூடிய எந்தப் பண்பும் இரண்டுக்கும் பொது. இணைப்புள்ள தன்மையை 0, 1 என்ற இரு மதிப்புகளை மட்டும் ஏற்கும் தொடர்ச்சியான சார்பு மாறிலியாகத்தான் இருக்கும் என்று சொல்லலாம். ஆகவே அது நிலைக்கிறது. இடைமதிப்புத் தேற்றம் நிலைக்கிறது. காம்பாக்ட் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு தொடர்ச்சியான மெய்மதிப்புச் சார்பும் தன் பெருமத்தையும் சிறுமத்தையும் அடைகிறது! பாடப்புத்தகத்தில் காம்பாக்டுக்கு அடையாளமாகவே பலர் மனத்தில் பதிந்துவிட்ட பண்பு இது.

இது தற்செயல் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆர். வைத்தியநாதசுவாமி 1940களின் நடுவில் இதற்கான பொதுவான அமைப்பை ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை வந்தது, சி. வி. ராமன் 1934-இல் தொடங்கிய, உங்கள் பெங்களூரிலேயே இருக்கும் இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில். ஓர் இடவியலோடு "புறக்கணிக்கத்தக்க" உட்கணங்களின் தொகுப்பு ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள ஒரு கணத்தின் உட்கணமும் அதில் இருக்க வேண்டும். இரண்டின் சேர்ப்பும் அதில் இருக்க வேண்டும். பழைய திறந்த கணங்களிலிருந்து இத்தகைய கணங்களைக் கழித்துக் கிடைப்பவற்றை அடிப்படையாக வைத்தால் ஒரு பெரிய இடவியல் பிறக்கிறது. வெற்றுக்கணத்தைத் தவிர வேறெந்தத் திறந்த கணமும் புறக்கணிக்கத்தக்கதாக இல்லை என்ற ஒரே ஒரு நிபந்தனை போதும்: புதிய இடவியலில் திறந்த எந்தக் கணத்துக்கும் மூடல் (அதைக் கொண்ட மிகச் சிறிய மூடிய கணம்) இரண்டு இடவியல்களிலும் ஒன்றே. அதிலிருந்து, சீரான வெளிக்குள் போகும் தொடர்ச்சியான சார்புகள் இரண்டிலும் ஒன்றே என்பது சில வரிகளில் வந்துவிடும். மேலே பார்த்த எடுத்துக்காட்டில் புறக்கணிக்கப்பட்டவை அ-வின் உட்கணங்கள்.

இன்னும் துணிந்து, மெய்யெண் கோட்டில் எண்ணத்தக்க கணங்கள் எல்லாவற்றையும் புறக்கணியுங்கள். விகிதமுறு எண்களின் கணம் இப்போது மூடியதாகிவிடும். மாறிலியாகிவிடாத எந்தத் தொடர்முறையும் ஒருங்காது. முடிவுறு கணங்களைத் தவிர வேறு காம்பாக்ட் கணம் கிடையாது. எண்ணத்தக்க அடர்ந்த கணமும் இல்லை. ஆனாலும் கோடு இணைப்புள்ளதாகவே இருக்கிறது. லிண்டலோஃப் தன்மையும் போகவில்லை. தொடர்ச்சியான மெய்மதிப்புச் சார்புகள் நாம் பள்ளியில் வரைந்த அதே சார்புகள். இந்தக் கோட்டை நினைவில் வையுங்கள், எதிர் எடுத்துக்காட்டு தேடும்போதெல்லாம் கைகொடுக்கும்.

இப்போது தொடர்முறைகள். எண்ணத்தகாத கணம் ஒன்றில் நிரப்பி எண்ணத்தக்கதாக இருக்கும் கணங்களைத் திறந்தவை என்று வையுங்கள். ஒரு தொடர்முறை ஒரு புள்ளிக்கு ஒருங்குகிறது என்றால், அந்தப் புள்ளிக்குச் சமமாக இல்லாத உறுப்புகளையெல்லாம் நீக்கினால் கிடைப்பதும் அந்தப் புள்ளியின் ஓர் அண்மைதான். ஆகவே தொடர்முறை ஒரு கட்டத்துக்குப் பிறகு மாறாமல் நின்றுவிட வேண்டும். எல்லாமே திறந்திருக்கும் இடவியலிலும் ஒருங்கும் தொடர்முறைகள் இவையே. ஒருங்குதல் ஒன்றே, எல்லையும் ஒன்றே; ஆனால் ஒன்று ஹவுஸ்டார்ஃப், மற்றது ஹவுஸ்டார்ஃப் அல்ல. இரண்டும் மெட்ரிக்கிலிருந்து வந்தவை என்றால் மட்டும் அறைத்தோழர் வெல்கிறார்: அங்கே மூடல் என்பதே தொடர்முறைகளால் தீர்மானிக்கப்படுவது. செயற்கையான எடுத்துக்காட்டு என்று அவர் முகம் சுளித்தால், உறுப்புகளின் மட்டு மதிப்புகளைக் கூட்டினால் முடிவுறு எண் வரும் தொடர்முறைகளின் வெளியை, அதாவது எல்-ஒன்று வெளியைக் காட்டுங்கள். அதில் நார்ம் இடவியலும் (அந்தக் கூட்டுத்தொகையால் தொலைவை அளப்பது) வலுகுறைந்த இடவியலும் (தொடர்ச்சியான நேரியல் சார்புகள் தொடர்ச்சியாகவே இருக்கும்படியான மிகச் சிறியது) வெவ்வேறு. ஆனால் ஒரே தொடர்முறைகளே இரண்டிலும் ஒருங்குகின்றன. இசாய் ஷூர் நிறுவிய தேற்றம் இது.

மெட்ரிக் என்றதும் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இடவியல் முற்றிலும் ஒன்றாக இருந்தும் பொதுவாகாத பண்புகள் உண்டு. கண்டோன்மென்ட் பக்கம் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். பாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதிரெதிரே இரண்டு வீடுகள். பறவைக்கு அது ஒரு வீச்சுத் தொலைவு. ஆட்டோவில் போனால் பாலத்தைத் தேடிச் சுற்றி வர வேண்டும். பாதையைத் தடிமனில்லாத கோட்டுத்துண்டாகக் கருதி, அதில் இல்லாத புள்ளிகளை மட்டும் எடுத்து, நேர்த்தொலைவு, சுற்றுவழித் தொலைவு என்று இரண்டு மெட்ரிக்குகள் வையுங்கள். எந்த வீட்டிலிருந்தும் போதுமான அளவு சிறிய வட்டம் போட்டால் அது பாதையைத் தொடாது. அந்த வட்டத்துக்குள் இரு தொலைவுகளும் சமம். ஆகவே இரண்டும் தருவது ஒரே இடவியல். ஆனால் இரு பக்கமும் மாறி மாறித் தாவிக்கொண்டே பாதையின் நடுவிலுள்ள ஒரு புள்ளியை நெருங்கும் தொடர்முறை, நேர்த்தொலைவில் கோஷி தொடர்முறை (உறுப்புகள் போகப்போக ஒன்றையொன்று எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்குவது). சுற்றுவழித் தொலைவில் அல்ல. கோஷி, முழுமை (ஒவ்வொரு கோஷி தொடர்முறையும் ஒருங்குவது), சீரான தொடர்ச்சி, வரம்புடைமை ஆகியவை மெட்ரிக்கின் பண்புகள். "இடவியல் ஒன்று, ஆகவே முழுமையும் ஒன்று" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அடுத்து சார்கன்ஃப்ரே கோடு. பெருக்கல் வெளிகளைப் பற்றிய 1947-ஆம் ஆண்டுக் கட்டுரையால் ராபர்ட் சார்கன்ஃப்ரேயின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. இடப்புற முனை உள்ளே, வலப்புற முனை வெளியே என்றிருக்கும் இடைவெளிகள் இதன் அடிப்படை. வழக்கமான கோட்டைவிட இது பெரிய இடவியல். இணைப்பு அறவே இல்லை; காம்பாக்ட் கணங்கள் எல்லாம் எண்ணத்தக்கவை; மெட்ரிக் எதிலிருந்தும் வராது. ஆனாலும் வெறுமையல்லாத ஒவ்வொரு சார்கன்ஃப்ரே திறந்த கணத்துக்குள்ளும் வழக்கமான திறந்த இடைவெளி ஒன்று ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு வரியிலிருந்து அடர்ந்த கணங்கள் இரண்டிலும் ஒன்றே, எங்கும் அடராத கணங்களும் (மூடலுக்குள் வெறுமையல்லாத திறந்த கணம் எதுவும் இல்லாதவை) ஒன்றே, ஆகவே பேயரின் முதல் வகைக் கணங்களும் (அத்தகையவை எண்ணத்தக்க எண்ணிக்கையில் சேர்ந்தவை) ஒன்றே என்பது வந்துவிடுகிறது. போரெல் கணங்களும் (திறந்த கணங்களிலிருந்து நிரப்பி, எண்ணத்தக்க சேர்ப்பு ஆகியவற்றால் கட்டப்படுபவை) ஒன்றுதான்: எந்தச் சார்கன்ஃப்ரே திறந்த கணமும் வழக்கமான திறந்த கணம் ஒன்றும் எண்ணத்தக்க கணம் ஒன்றும் சேர்ந்ததே. அளவைக் கோட்பாடு (நீளம், பரப்பு போன்ற அளவுகளின் கணிதம்) செய்பவருக்கு இரண்டு கோடுகளுக்கும் வேறுபாடே தெரியாது.

வலப்புற முனையை உள்ளே வைத்து இன்னொரு சார்கன்ஃப்ரே இடவியலும் அமைக்கலாம். எண்ணின் குறியை மாற்றும் சார்பு ஒன்றை மற்றொன்றுக்கு ஹோமியோமார்பிசமாகக் கொண்டுபோகிறது. எனவே இடவியல் பண்புகள் அத்தனையும் இரண்டுக்கும் பொது. இதைவிட ஒற்றுமை வேண்டுமா? ஆனால் இரண்டிலும் திறந்த கணங்களை மட்டும் எடுத்தால் வழக்கமான கோடு கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்து உருவாக்கும் இடவியலில் ஒவ்வொரு தனிப்புள்ளியும் திறந்தது. இடவியல்களின் வெட்டு எப்போதும் இடவியல். சேர்ப்பு அப்படியல்ல, அதிலிருந்து மீண்டும் உருவாக்க வேண்டும். இடவியல்களின் இந்தப் பின்னல் அமைப்பைக் காரெட் பிர்க்காஃப் 1936-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இரண்டு இடவியல்களுக்கும் உள்ள பண்பு அவற்றின் வெட்டுக்கோ கூட்டுக்கோ இருக்கும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு சோடி இரு திசையிலும் கலைத்துவிடுகிறது: லிண்டலோஃப் தன்மை கூட்டில் இல்லை, இணைப்பின்மை வெட்டில் இல்லை.

நேரியல் வெளிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது தனிப் பாடம். பனாக் வெளியில் (முழுமையான நார்ம் உள்ள நேரியல் வெளியில்) நார்ம் இடவியலும் வலுகுறைந்த இடவியலும் தொடர்ச்சியான நேரியல் சார்புகளையும், வரம்புடைய கணங்களையும், மூடிய குவிந்த கணங்களையும் பகிர்ந்துகொள்கின்றன. கடைசியானது மசூரின் தேற்றம். எண்ணத்தக்க அடர்ந்த கணம் உள்ள வெளியானால் போரெல் கணங்களும் பொது. முடிவிலாப் பரிமாணத்தில் திறந்த கணங்கள் மட்டும் பொதுவாவதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி: காம்பாக்ட் உட்கணங்கள் ஒன்றாக இருந்தால்? இரண்டு இடவியல்களும் ஹவுஸ்டார்ஃப், காம்பாக்ட் கணங்கள் இரண்டிலும் அவையே என்று கொள்வோம். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு காம்பாக்ட் கணத்துக்குள் மூடிய கணங்கள் என்பவை அதன் காம்பாக்ட் உட்கணங்களேதான். ஆகவே ஒவ்வொரு காம்பாக்ட் கணத்தின் மீதும் இரு இடவியல்களும் ஒன்றிப்போகின்றன. இரண்டும் மெட்ரிக்கிலிருந்து வந்தவையானால், ஒருங்கும் தொடர்முறையும் அதன் எல்லையும் சேர்ந்து காம்பாக்ட் கணம் என்பதால், அவை முழுவதுமே ஒன்றாகிவிடும். மெட்ரிக் இல்லாவிட்டால் ஆகாது: எண்ணத்தக்க கணங்களைப் புறக்கணித்த நம் கோட்டிலும், ஒவ்வொரு புள்ளியும் திறந்திருக்கும் கோட்டிலும் காம்பாக்ட் கணங்கள் முடிவுறு கணங்கள் மட்டுமே. இணைப்புள்ள உட்கணங்களைக் கேட்டாலோ கதை வேறு. புறக்கணித்த கோட்டில் அவை இடைவெளிகள், வழக்கமான கோட்டிலும் இடைவெளிகள். ஆனால் இந்தப் புறக்கணித்த கோட்டுக்கும் வழக்கமான கோட்டுக்கும் காம்பாக்ட் கணங்களில் உள்ள ஒற்றுமை கிட்டத்தட்ட பூச்சியம்.